குட்டைக்கு வழி சொன்னவள்

கண்ணு,

ஜெர்சி சிட்டியிலிருந்து நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகைப் பெட்டி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. டெக்சாஸ் ஆட்களுக்கெல்லாம் நானே தபாலில் சேர்த்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாய். சேர்த்துவிட்டேன், ஒன்றைத் தவிர. மிஸ் ரூத்துக்கு என்று நீ தனியாக வைத்திருந்த உறை ஒட்டாமல் இருந்தது. விலாசம் தெரியவில்லை, நீயே எழுதிப் போட்டுவிடு என்று மேலே ஒரு மஞ்சள் சீட்டு. உறை ஒட்டாமல் இருந்தால் பிரித்துப் பார்க்கலாம் என்று எந்த ஊரில் சட்டம்? நான் பார்த்தேன். உள்ளே பத்திரிகையோடு இன்னொரு சீட்டு, உன் கையெழுத்தில் மூன்று வரி. உங்கள் குட்டையைக் கெடுத்தது நான்தான், ஒன்பது வருஷமாக அதை நினைத்து வருந்துகிறேன், மன்னிக்க முடிந்தால் கல்யாணத்துக்கு வாருங்கள். படித்துவிட்டு சமையலறை சிங்க்கில் போய்க் குனிந்து நின்றேன். வாந்தி வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் குட்டையைக் கெடுத்தது நீ இல்லை. நான். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ "இட்ஸ் ஓகே மா" என்று சொல்லிவிடுவாய், நானும் சரி என்று சாப்பிடப் போய்விடுவேன். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனது இதற்காவது உதவட்டும். நீ எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் படிப்பாய்; மெதுவாகவே படி. புரியாத இடத்தை நித்யாவிடம் கேள். எந்த மாதிரி மாமியாரிடம் வந்து மாட்டப்போகிறோம் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியட்டும்.

பெட்டி வந்த அன்று சாயங்காலமே உன் மெசேஜும் வந்தது. நித்யாவுக்கு மீன் பிடித்துப் பார்க்க ஆசையாம், கல்யாண வாரத்தில் ஒரு நாள் போகலாமாம், நல்ல இடங்களாகப் பார்த்து மேப்பில் பின் போட்டு அனுப்ப வேண்டுமாம். ஒன்பது வருஷமாகத் தூண்டிலையே தொடாத பிள்ளை கேட்கிறான் என்று சந்தோஷப்பட வேண்டியவள் நான். பின் என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நம் சப்டிவிஷனுக்குப் பின்னால் இருக்கிற ஏரி. ஏரியாம். வீடுகளுக்கு மேடு கட்ட மண் தோண்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிற்கிறது, அதற்கு ஒரு ஃபவுண்டன் வைத்து ஏரி என்று பேர் வைத்துவிட்டார்கள். கரை முழுக்க வாத்துப் பீ. பிடித்த மீனைத் திரும்ப விடவும் என்று பலகை வைத்திருக்கிறது; பலகைக்கு அடியிலேயே பக்கெட் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்தது பயூ ஓடைப் பாலத்தடி. அங்கே பீர் கேனும் அறுத்துப் போட்ட தூண்டில் நரம்பும்தான் அதிகம். போன மாதம் நடக்கப் போனபோது கால் இரண்டிலும் நரம்பு சுற்றிக்கொண்டு ஒரு கொக்கு செத்துக் கிடந்தது. மேற்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் பார்க் ஒன்று, முதலைக்குத் தீனி போடாதே என்று அங்கே எழுதியிருக்கிறது, போன தடவை ஒருவன் அந்தப் பலகை மேலேயே சாய்ந்து நின்று சிப்ஸ் வீசிக்கொண்டிருந்தான். நீயும் நானும் ஆரம்பத்தில் தூண்டில் போட்ட அந்த ரோட்டோரக் கால்வாய் இப்போது இல்லை. அந்தப் புல்வெளியை அடைத்து இருநூறு வீடு கட்டிவிட்டு, வாசலில் கல்லில் 'ப்ரெய்ரி' என்று, அதாவது புல்வெளி என்றே, செதுக்கி வைத்திருக்கிறார்கள். இவ்வளவுதான் என் லிஸ்ட். இதில் எதற்கும் நித்யாவைக் கூட்டிப் போகாதே.

இனி மிஸ் ரூத்தின் குட்டை. உனக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன், தெரியாதது பின்னால் வரும். உங்கப்பா வேலை விசாவில் வந்தவர், நான் அவரோடு ஒட்டிக்கொண்டு வந்தவள். எம்.எஸ்.ஸி. படித்திருந்தும் எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. உன்னைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட்டால் மூன்று மணி வரை வீட்டுச் சுவர்தான். கம்யூனிட்டியில் யாராவது "நீங்க என்ன பண்றீங்க" என்று கேட்டால் உங்கப்பா என்ன பண்ணுகிறார் என்று பதில் சொல்லப் பழகியிருந்தேன். அப்படி ஒரு நாள் கடையில் ஒரு தூண்டிலை வாங்கிக்கொண்டு வந்தேன். மண்புழு டப்பாவை ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். உங்கப்பா தயிர் என்று நினைத்து அதைத் திறந்துவிட்டு "சீ, என்ன கருமம் இது!" என்று அலறினாரே, நீ சோபாவிலிருந்து உருண்டு உருண்டு சிரித்தாய். அன்றையிலிருந்து நீயும் நானும் கூட்டு.

உனக்குப் பத்து வயதில், அந்த ரோட்டோரக் கால்வாயில் நாம் உட்கார்ந்திருந்தபோதுதான் மிஸ் ரூத் தன் பழைய டிரக்கை நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் சொன்னது, "அந்தத் தண்ணியில நெல் வயல் மருந்து ஓடுது. அந்த மீனப் புள்ளைக்குக் குடுக்காத. வா, என் குட்டைக்கு." மாடு தண்ணீர் குடிக்கிற குட்டை. சுற்றிலும் இடுப்பளவு புல், ஒரே ஒரு ஓக் மரம். மீசை வைத்த கேட்ஃபிஷ் நம்ம ஊர்க் கெளுத்தி மாதிரியே இருக்கும், கை நீளத்துக்கு பாஸ் மீனும் உண்டு. நாலு கண்டிஷன் போட்டார். கேட்டைத் திறந்தால் மூட வேண்டும். ஆளுக்கு ஒரு மீனுக்கு மேல் எடுக்கக் கூடாது. குப்பையைத் திருப்பிக் கொண்டு போக வேண்டும். வேறு யாரையும் கூட்டி வரக் கூடாது. கேட்டைத் திறந்து மூடுவது உன் வேலை. மூடிவிட்டு இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறுவாய். ஏழு வருஷம் அங்கே போனோம். புரட்டாசியில் மட்டும் பிடித்த மீனையெல்லாம் திரும்ப விட்டுவிடுவோம். நாம் சாமிக்குத்தான் அசைவத்தை விட்டிருக்கிறோம் என்று எவ்வளவு சொல்லியும், மிஸ் ரூத் அதை மீன்களுக்கு நாம் விடுகிற லீவு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது வருஷம் புரட்டாசி முடிந்த வாரத்தில்தான் அது நடந்தது. ஆட்டுப் பங்கு குரூப் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முழு ஆட்டைப் பண்ணையில் வாங்கி இருபது குடும்பம் பங்கு போட்டுக்கொள்ளுமே, அந்த வாட்ஸ்அப் குரூப். ஒரு மாதம் வாயைக் கட்டிப் போட்டிருந்த சனம் ஐப்பசி ஒன்றாம் தேதி விடிந்தால் எப்படி அலையும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குப் பார்த்து ஆடு வரவில்லை, பண்ணைக்காரர் அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டார். குரூப்பில் ஒரே புலம்பல். வித்யா ஆன்ட்டி ஹில்கிராஃப்ட் கடையில் வாங்கிய வஞ்சிரத்தைத் தட்டில் அடுக்கி போட்டோ போட்டாள். யாரோ "எல்லாம் ஐஸ் நாத்தம்க்கா, இந்த ஊர்ல உசுரு மீனுக்கு எங்க போறது" என்று கேட்டார்கள். எனக்குக் கை பரபரத்தது. அந்தக் குரூப்பில் நான் யார்? பங்குக் கறியை வாங்கப் பாத்திரம் கொண்டு வருகிற ஒருத்தி. அதில் டாக்டர் இருக்கிறாள், ஆயில் கம்பெனி இன்ஜினியர் இருக்கிறாள். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறதே என்று தோன்றியது. நாம் அதற்கு முந்தின வருஷம் பிடித்த கேட்ஃபிஷ் போட்டோவைப் போட்டேன். கீழே குட்டைக்கு வழி காட்டுகிற மேப் பின்னையும் போட்டேன். "நம்மூர்க் கெளுத்தியே தோத்துரும். ஓனரம்மா தங்கமானவங்க, நம்ம பேரச் சொல்லுங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று எழுதினேன்.

நம்ம பேரச் சொல்லுங்களாம். யார் வீட்டுக் கேட்டுக்கு யார் பேர்? சீ. கட்டைவிரல் மேல் கட்டைவிரலாக வந்து விழுந்தது. "சூப்பர்க்கா", "நீங்க கில்லாடிக்கா" என்று எழுதினார்கள். அன்று மத்தியானம் நான் சோறு ஆறுவது தெரியாமல் அதையே திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது, கழுவினாலும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போனார்கள். திங்கட்கிழமை மிஸ் ரூத் போன் செய்து "இப்பவே வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நீ பள்ளியிலிருந்து வந்ததும் கிளம்பினோம். கேட் பக்கத்தில் காரை நிறுத்தியதும் நீ வழக்கம்போலக் குதித்து இறங்கினாய், ஆனால் கேட் அகலத் திறந்து கிடந்தது. நீ பார்த்ததை நானும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கரை முழுக்க மீன் குடலும் செதிலும், ஈ மொய்த்துக்கொண்டு. வீச்சு வலை போட்டு அள்ளியிருக்கிறார்கள். முள் அதிகம் என்று சின்ன மீன்களை வேண்டாமென்று ஒதுக்கி, தண்ணீரிலாவது விடக் கூடாதா, புல்லில் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். பிரியாணி கொண்டு வந்த அலுமினிய ட்ரே நாலு. ஓக் மரத்தடியில் குழந்தையின் டயப்பர், உருட்டிக்கூட வைக்கவில்லை. என் சனம், கண்ணு. வீட்டுக்குள் செருப்போடு யாராவது வந்துவிட்டால் மூஞ்சியைச் சுளிக்கிற என் சனம். கோவில் பிரகாரத்தில் ஒரு டிஷ்யூ கிடந்தால் எடுத்து ஓரமாகப் போடுகிறவர்கள்தான் அவர்கள். அந்த நாற்றம் ஜன்னல் வழியாகக் காருக்குள் வந்தது.

அதெல்லாம்கூடக் கூட்டிப் பெருக்கினால் போய்விடும். கேட்டை யாரும் மூடவில்லை. ராத்திரியே மாடுகள் ரோட்டுக்கு வந்துவிட்டன, பிறந்து இரண்டு வாரமான கன்று ஒன்று வண்டியில் அடிபட்டுச் செத்துப் போனது. அதன் தாய் வேலியோரம் நின்று கத்திக்கொண்டிருந்தது. கேட்டருகே நின்றிருந்த மிஸ் ரூத் உன்னைப் பார்த்து, "யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டார். உன்னை மட்டும் பார்த்துக் கேட்கவில்லை, உன் தலைக்கு மேலாகக் காரையும் பார்த்துத்தான் கேட்டார். நீ இரண்டு வாரம் முன்னால் அந்தக் குட்டையில் ஒரு பாஸை ஏந்திக்கொண்டு எடுத்த படத்தை இன்ஸ்டாவில் போட்டிருந்தாய். பின்னால் அந்த ஓக் மரம் தெரியும், அவ்வளவுதான். அதைப் பார்த்து எவனாவது வழி கண்டுபிடிக்க முடியுமா? ஆனால் நீ முகம் வெளுத்துப்போய் நின்றாய். "இட் வாஸ் மீ, மிஸ் ரூத். நான் ஒரு படம் போட்டேன்" என்றாய். பதினேழு வயது, மீசை முளைத்த பிள்ளை, தோளெல்லாம் குலுங்க அழுதாய். என் ஜன்னல் பாதி இறங்கியிருந்தது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. என் கை கதவுப் பிடியில் இருந்தது. அந்தப் பிடியின் சூடு எனக்கு இன்றைக்கும் தெரியும். நான் இறங்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் கோழை என்று சொல்லிவிட்டுப் போகலாம். நீ இரண்டு மணி நேரம் தனியாகக் குடலையும் ட்ரேயையும் பையில் அள்ளினாய், தீயெறும்பு கடித்துக் கணுக்காலெல்லாம் தடித்துப் போயிருந்தது. நான் காரிலேயே உட்கார்ந்து தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மிஸ் ரூத் இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். திரும்பும் வழியில் நீ கணுக்காலைச் சொறிந்துகொண்டே வந்தாய். அப்போது நான் உன் முதுகைத் தடவிக்கொடுத்துச் சொன்னேன்: "பரவால்ல சாமி, உடு. தெரியாமப் பண்ணிட்ட. அம்மா ஒண்ணும் நெனைக்கல." நீ என் தோளில் சாய்ந்து "தேங்க்ஸ் மா" என்றாய். என் தப்பை உன் தலையில் இறக்கி வைத்ததும் இல்லாமல், அதை நானே மன்னித்து, அதற்கு உன்னிடம் நன்றியும் வாங்கிக்கொண்டேன். தூ. என்னைப் போல ஒரு பிறவி. குரூப்பில் அன்று இரவு "இனிமே யாரும் போகாதீங்க, ஓனர் கோவமா இருக்காங்க" என்று எழுதினேன். "நாங்க சுத்தமாத்தான் வெச்சுட்டு வந்தோம்க்கா" என்று ஒருத்தர் பதில் போட்டார். அதற்கு நான் கட்டைவிரலைப் போட்டேன்.

அதற்கப்புறம் நீ கராஜில் தூண்டிலைச் சுவரோடு சாத்தினாய், அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. இன்ஸ்டாவையே மூடினாய். எந்த இடத்துக்குப் போனாலும் படம் எடுக்காமல் நிற்பாய். பையன் எவ்வளவு பொறுப்பு பாருங்கள் என்று உங்கப்பா பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். உங்கப்பாவிடம் இந்த வாரம்தான் முழுசாகச் சொன்னேன். அவர், "கல்யாணத்த முன்னால வெச்சுக்கிட்டு எதுக்கு இதக் கெளர்ற? அந்தச் சீட்ட மட்டும் எடுத்துட்டு பத்திரிகையப் போஸ்ட் பண்ணு. பையனுக்கு என்ன தெரியப் போகுது" என்றார். எனக்கும் அரை நாள் அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன். உறையிலிருந்து சீட்டை எடுத்துக் குப்பைக்கூடைக்கு மேலே பிடித்துக்கூடப் பார்த்தேன். மறுபடியும் அதே கை, அதே வேலை.

வியாழக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு போனேன். வழி மறக்கவில்லை. கேட்டில் இப்போது சங்கிலியும் நம்பர் பூட்டும் இருக்கிறது. போன் செய்தேன், எடுத்தார். டிரக்கில் வந்து கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார். ரொம்பத் தளர்ந்துவிட்டார், கையில் ஒரு குச்சி. நான் இறங்கி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் என் இங்கிலீஷ் குழறியது, விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் குச்சியை ஊன்றிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "எனக்கு அப்பவே தெரியும். ஞாயித்துக்கிழமை வந்தவங்கள்ல ஒருத்தன் போனைக் காட்டி, அந்தப் பையனோட அம்மாதான் அனுப்பினாங்கன்னு சொன்னான். உன் பேருக்காகத்தான் உள்ள விட்டேன்" என்றார்.

"அப்ப ஏன் அவன அழ விட்டீங்க?" என்று நான் கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் கேட்டேன்.

"நீ காரை விட்டு இறங்குவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். "அவன் குப்பை பொறுக்கற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் கோவம் வந்துருச்சு, உங்க ரெண்டு பேரையும் போகச் சொல்லிட்டேன். அவன்கிட்ட சொல்லியிருக்கணும். அது என் தப்பு. மத்ததெல்லாம் உன்னோடது."

உன் பத்திரிகையையும் சீட்டையும் கம்பி இடுக்கு வழியாகக் கொடுத்தேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு சீட்டை இரண்டு தடவை படித்தார். பத்திரிகையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சீட்டை மட்டும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "இது எனக்கு வேண்டாம். அவன் எழுத வேண்டிய கடுதாசி இல்ல இது" என்றார். கல்யாணத்துக்கு வருகிறாராம். "அவனுக்காக வர்றேன். என்னை உன் மேசையில உட்கார வைக்காத" என்றார். சரிங்க என்றேன்.

கண்ணு, கல்யாணத்துக்கு முன்னால் அப்பா அம்மா நாலு புத்தி சொல்வார்கள். எனக்கு நாலு சொல்ல யோக்கியதை இல்லை, ஒன்றே ஒன்று சொல்கிறேன். நித்யாவோடு சண்டை வரும், தப்பு வரும், உன் தப்பை அவள் தன் தப்பு என்று நினைத்துக்கொண்டு அழுகிற நாளும் வரலாம். அப்போது உன் கை கதவுப் பிடியில் இருக்கும். இறங்கிவிடு. ஒரு நிமிஷம் கழித்து இறங்கலாம் என்று நினைத்தால் அது ஒன்பது வருஷமாகிவிடுகிறது. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. கோபப்படு. போனில் கத்து. இங்கிலீஷிலேயே கத்து, எனக்குப் புரியும். "இட்ஸ் ஓகே" என்று மட்டும் சொல்லாதே, அதைக் கேட்டால் எனக்கு இன்னும் குமட்டும்.

இந்தக் கடிதத்தை நாளைக் காலை ஆட்டுப் பங்கு குரூப்பில் போடப் போகிறேன், ஒரு வரியும் வெட்டாமல். போன வாரம்கூடத் தலைக்கறி யாருக்கு என்று அங்கே சண்டை நடந்தது, நிறுத்திவிட்டு இதைப் படிக்கட்டும். வழி அங்கே சொன்னேன், இதையும் அங்கேதான் சொல்ல வேண்டும். அதில் பாதிப் பேர் உன் கல்யாணத்துக்கு வருகிறவர்கள். வராமல் போனால் சாப்பாடு மிச்சமாகும், அவ்வளவுதானே.

கடைசியாக ஒன்று. நான் காரில் ஏறப் போகும்போது மிஸ் ரூத் கூப்பிட்டார். டிரக்கிலிருந்து ஒரு உறையை எடுத்து, ஏதோ நம்பரை எழுதி உள்ளே போட்டு, நாக்கால் ஈரம் பண்ணி ஒட்டி, மேலே உன் பேரை எழுதினார். "கேட்டுப் பூட்டோட நம்பர். அவனுக்கும் அவன் பொண்டாட்டிக்கும். நீ பாக்காத" என்றார். அதை இந்தக் கடிதத்தோடு சேர்த்து உனக்கு அனுப்புகிறேன். ஒட்டின இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார், கண்ணு. பிரிக்கவில்லை.

அம்மா